திப்பு சுல்தானும் அவர் துப்பாக்கிகளும்

வடசென்னையில் மாத்தூர், மணலி, திருவொற்றியூர், இராயபுரம் முதலிய இடங்களில் வசிக்கும் நம் சங்கத்துக் குடும்பங்களிற் சிலவற்றில், பாட்டனார் காலத்துப் பெட்டியிலோ பரணிலோ ஒரு பழந்துப்பாக்கி கிடப்பதும், அஃது எக்காலத்தது, எவர் செய்தது, என்ன விலை பெறும் என்று அவ்வீட்டார் நம்மை வினவுவதும் உண்டு. வினவுவோரிற் பாதிப் பேர் அது திப்பு சுல்தான் காலத்தது என்று முன்னரே முடிவு செய்துகொண்டே வருகின்றனர். அப்படிச் சொல்லி விற்க வருவோரும் உளர். அவர் சொல்லை நம்பிப் பணத்தை இழப்போரும் உளர். ஆதலால் அச்சுல்தானுடைய சரித்திரத்தைத் துப்பாக்கி என்னும் ஒரு வழியே நின்று இம்மாதம் சொல்லப் புகுந்தோம். பெண்டு பிள்ளைகள் படிக்கும் பத்திரிகையில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று எவரேனும் முகஞ் சுளிக்கலாம். பரணில் உள்ள பொருளை முதலில் எடுத்து விளையாடுகிறவர்கள் பிள்ளைகளே என்பதை நினைத்தால் அவ்வெண்ணம் மாறும்.

திப்பு சுல்தான் பிறந்தது 1750-ஆம் வருஷம் நவம்பர் 20-ஆம் தேதி, பெங்களூருக்கு வடக்கேயுள்ள தேவனஹள்ளியில் என்று பெரும்பாலோர் கொள்வர். அவர் பெயரோ நம் தமிழ்நாட்டிலிருந்து சென்றது. ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியா என்னும் பெரியாரிடத்துப் பெற்றோர் பக்தி பூண்டிருந்தமையால் அப்பெயரையே பிள்ளைக்கு இட்டனர். தந்தை ஐதர் அலி எழுத்தறியாதவர். சிப்பாயாகத் தொடங்கித் தம் அறிவினாலும் துணிவினாலும் மைசூர் இராஜ்யம் முழுவதையும் தம் கைக்குள் கொண்டுவந்தவர். தமக்கு வாய்க்காத கல்வி மகனுக்கு வாய்க்கவேண்டும் என்று பாரசீகம், அரபு முதலிய பாஷைகளையும் கணிதத்தையும் கற்பித்தார். குதிரையேற்றமும், வாட்போரும், துப்பாக்கி சுடுதலும் தக்க ஆசிரியரிடத்துப் பயிற்றப்பட்டன. பிரெஞ்சுப் போர்வீரர்கள் ஐதரின் படையில் உத்தியோகம் பார்த்தனர். மேல்நாட்டார் படையணி வகுக்கும் முறையும், அவர் கையாளும் ஆயுதத்தின் நுட்பமும் இளம்பிராயத்திலேயே திப்புவின் கண்ணிற்பட்டன.

முதல் மைசூர் யுத்தத்தில், 1767-ஆம் வருஷத்தில், பதினேழு வயதுப் பிள்ளையாகிய திப்பு ஒரு குதிரைப்படையுடன் சென்னைப்பட்டணத்தின் புறஞ்சேரிகள் வரையில் வந்து, கும்பெனித் துரைமாருடைய தோட்ட வீடுகளைக் கலங்கடித்துத் திரும்பினார். இரண்டு வருஷங்கழித்து ஐதரே சென்னை வாயிலில் வந்து நின்று, கும்பெனியார் கையொப்பமிட்ட உடன்படிக்கையோடு சென்றார். அந்நாளில் கோட்டைக்கு வெளியே வாழ்ந்த நம் முன்னோர்கள் குதிரைக் குளம்பொலி கேட்டதும் மூட்டை கட்டிய கதைகள் பல இருந்திருக்கும். ஆயினும் அவற்றை எழுதிவைத்தார் இல்லை.

திப்புவின் பெயர் சீமை வரையிற் சென்றது 1780-ஆம் வருஷம் செப்டம்பர் 10-ஆம் தேதியில். காஞ்சீபுரத்துக்கு அருகிலுள்ள புள்ளலூரில், கர்னல் பெய்லி என்பவர் நடத்திவந்த கும்பெனிப் படையைத் திப்புவும் பின்னர் ஐதரும் வளைத்துக்கொண்டனர். பல்லவரும் சளுக்கரும் பொருத அதே ஊர்தான் அது. மைசூர்ப் படையிலிருந்து வாணங்கள் பறந்தன. திருவிழாவில் நாம் விடும் காகித வாணம் அன்று. இரும்புக் குழாயில் மருந்தைக் கெட்டித்து, நீண்ட மூங்கிலிற் பிணைத்துச் செலுத்துவது. இரும்புக் குழாயாதலால் மருந்தின் அழுத்தம் மிக்குத் தூரமும் வேகமும் மிகுந்தன. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன, படை அழிந்தது, பெய்லி சிறைப்பட்டுச் சீரங்கப்பட்டணத்தில் மாண்டார். மன்ரோ என்னும் தளபதி பெரும்படையோடு காஞ்சியில் இருந்தும் உதவிக்கு வந்து சேரவில்லை. இவ்வாணங்களைப் பார்த்தே பின்னாளில் இங்கிலாந்தில் காங்கிரீவ் என்பவர் தம் வாணங்களைச் செய்தார். 2018-ஆம் வருஷத்தில் ஷிமோகா ஜில்லாவின் நகரா என்னும் ஊரிற் பாழுங்கிணறு ஒன்றைத் தூர்வாரியபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட இவ்விரும்பு வாணங்கள் கிடைத்தன.

ஐதர் அலி 1782-ஆம் வருஷம் டிசம்பரில் சித்தூருக்கு அருகே பாசறையிலேயே காலமானார். சிவகங்கை இராணி வேலு நாச்சியாருக்குத் திண்டுக்கல் சீமையில் இடமும் படைத்துணையும் அளித்தவர் அவரே என்பது நம் நாட்டார் மறவாத செய்தி. திப்பு மலையாளக் கரையிலிருந்து விரைந்து வந்து பட்டமேற்றார். 1784-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் மங்களூரில் உடன்படிக்கை ஆயிற்று. கும்பெனியார் தோல்விக்கு அடையாளமாகக் கையொப்பமிட்ட கடைசிப் பத்திரங்களில் இஃது ஒன்று.

இனித் துப்பாக்கிக்கு வருவோம். அக்காலத்து நம் நாட்டுத் துப்பாக்கி பெரும்பாலும் திரித் துப்பாக்கி. கனலும் திரி ஒன்று மருந்துக் கிண்ணியில் வந்து விழுந்து நெருப்பூட்டும். மழையில் திரி நனையும். இரவில் திரியின் கனல் எதிரிக்கு ஆளைக் காட்டிக்கொடுக்கும். மேல்நாட்டார் துப்பாக்கியிலோ குதிரையின் வாயிற் சக்கிமுக்கிக் கல் செறித்திருக்கும்; விசையை இழுத்தவுடன் அக்கல் ஓர் உருக்குத் தகட்டில் உரசிப் பொறியைக் கிண்ணியில் உதிர்க்கும். இவ்வேறுபாட்டின் அருமையை முற்றும் உணர்ந்து, அதைத் தம் நாட்டிலேயே, தம் நாட்டுக் கொல்லரைக்கொண்டே, வருஷந்தோறும் பெருந்தொகையாகச் செய்விக்க முற்பட்டது திப்புவின் தனிச் சிறப்பு. சீரங்கப்பட்டணம், பெங்களூர், சித்திரதுர்க்கம், நகரா ஆகிய இடங்களில் தொழிற்சாலைகள் ஏற்பட்டன. 1787-ஆம் வருஷத்திற் பிரான்சுக்கு ஒரு தூது அனுப்பி, பதினாறாம் லூயி மன்னரிடம் படைத்துணையோடு கைவினைஞர்களையும் கேட்டார். படை கிடைக்கவில்லை, கைவினைஞர் சிலர் கிடைத்தனர். அரசன் ஒருவன் இன்னோர் அரசனிடம் துப்பாக்கிகளைக் கேட்பது உலக வழக்கம்; துப்பாக்கி செய்வோரைக் கேட்டவர் இவர். இவ்வொன்றே அவர் மற்றைச் சுதேச மன்னரினின்றும் எவ்வளவு வேறுபட்டவர் என்பதைக் காட்டும்.

மைசூரிலும் சேலத்திலும் உருக்குக்குக் குறைவில்லை. நம் நாட்டு உருக்கு அரபு நாடு வரையில் வாளாகச் சென்ற பெருமையுடையது. அரசர் கைக்கென்று செய்த துப்பாக்கிகளில் இரும்புக் குழலின்மேற் பொன்னால் எழுத்தும், வெள்ளியாற் பூணும் அமைந்தன. அஸத் கான் முகம்மது, சையத் மாசூம் என்னும் கம்மியர் பெயர்கள் அக்குழல்களில் இன்றும் படிக்கும்படி இருக்கின்றன. வேலை செய்தவன் பெயர் அரசன் பெயரோடு ஒரே குழலில் ஏறியது நமக்கு மகிழ்ச்சியைத் தருகிறது. ஒரே குழலில் இரண்டு வெடி கெட்டிக்கும் வகையும் செய்தனர். மருந்தும் குண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருமுறை இட்டு, முன்னும் பின்னுமாக இரண்டு குதிரை வைத்து, முன்வெடியை முதலிலும் பின்வெடியைப் பிறகும் சுடுவது. பின்குதிரையை முதலில் விட்டால் குழலே வெடித்துவிடும். கை தவறாத வேட்டைக்காரனுக்கே அது தகும்.

வேட்டையிலே திப்புவுக்குப் பெரும்பிரியம். சிறுத்தைகளைப் பழக்கி மான் பிடிப்பித்தார். காட்டிற் புலி எதிர்ப்பட்டபோது துப்பாக்கி பொறி விடாமற் போக, கட்டாரியாற் குத்திப் புலியைக் கொன்றார் என்று ஒரு கதை வழங்குகிறது. சக்கிமுக்கித் துப்பாக்கி அடிக்கடி அப்படிக் கைவிடுவது என்னவோ உண்மை. புலியே அவர் சின்னம். சிங்காதனம், கொடி, சிப்பாய்களின் சட்டை, பீரங்கியின் வாய், துப்பாக்கியின் பூண் எங்கும் புலித்தலையும் புலிவரியுமே. வெள்ளைக்காரன் ஒருவனைப் புலி கௌவிக்கொண்டிருப்பதாகவும், கைப்பிடியைச் சுழற்றினால் புலி உறுமி அவன் அலறுவதாகவும் மரத்தாற் செய்த ஒரு பொம்மை அவரிடம் இருந்தது. இப்போது இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையில் உள்ளது. காஞ்சியிலிருந்து உதவிக்கு வராத தளபதி மன்ரோவின் மகன் 1792-ஆம் வருஷத்தில் வங்காளத்திற் புலிவாய்ப்பட்டு இறந்தமையை இப்பொம்மையோடு சேர்த்துப் பேசுவது வழக்கம்.

ஒருவருடைய சரித்திரத்தை எழுதுங்கால் நல்லதை மட்டும் எழுதுதல் நமக்கு உடன்பாடன்று. குடகரையும் மங்களூர்க் கிறிஸ்தவரையும் ஆயிரக்கணக்காகச் சிறைபிடித்துச் சீரங்கப்பட்டணத்துக்கு நடத்திச் சென்றதும், மலையாளத்தில் நிகழ்ந்த கொடுமைகளும் மறைக்கத்தக்கன அல்ல. அவ்வினத்தாருடைய வீடுகளில் அந்நினைவு இன்னும் ஆறவில்லை. மற்றொரு புறம், 1791-ஆம் வருஷத்தில் மராட்டியப் படையினர் சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது, அம்மடத்துக்குப் பொருளும் காவலும் தந்து விக்கிரகத்தை மீட்டு நிறுத்த உதவியவரும் அவரே. தம் அரண்மனைக்கு அருகில் இருந்த அரங்கநாதர் கோயிலுக்கு வெள்ளிப் பாத்திரங்கள் அளித்தார். இரண்டும் ஒரே மனிதர் செய்தவை. ஒன்றைக்கொண்டு மற்றொன்றை அழிக்க முயல்வோர் சரித்திரம் எழுதுவோர் அல்லர்.

1789-ஆம் வருஷ முடிவில் திருவாங்கூர் எல்லை மதிலைத் தாக்கியதனால் மூன்றாம் யுத்தம் மூண்டது. மராட்டியரும் நிஜாமும் கும்பெனியும் ஒன்றாயினர். கார்ன்வாலிஸ் பிரபு பெங்களூரைப் பிடித்து, 1792-ஆம் வருஷம் பிப்ரவரியிற் சீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டார். பாதி இராஜ்யமும், மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாயும் கொடுப்பதாகத் திப்பு இசைந்தார். பாராமஹால் என்னும் சேலம் சீமையும் திண்டுக்கல்லும் அப்போதுதான் கும்பெனி வசமாயின. பணம் முழுதும் செலுத்தி முடிக்கும்வரையில் பிணையாகப் பத்து வயதும் எட்டு வயதுமான இரண்டு மைந்தரை ஒப்புவிக்கவேண்டி வந்தது. அப்பிள்ளைகள் சென்னையிலேயே இரண்டு வருஷம் வைக்கப்பட்டிருந்தனர். சீமைச் சித்திரக்காரர்கள் அவ்வொப்படைப்பைப் படமாகப் போட்டுப்போட்டு விற்றனர். பிள்ளையைப் பிணைவைத்த தகப்பனுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அப்படங்களில் இல்லை.

இங்கே நம் அன்பர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. இன்று உலகத்தாற் பெரிதும் மதிக்கப்படும் திப்புவின் துப்பாக்கிகளிற் பல, இத்தோல்விக்குப் பிற்பட்ட வருஷங்களிற் செய்யப்பட்டவை. நாடு பாதியான பிறகு, பிள்ளைகள் சென்னையிற் பிணையாக இருந்த அந்நாட்களிலேயே, சீரங்கப்பட்டணத்துப் பட்டறைகளில் பொன்னெழுத்துப் பதித்தனர்.

கடைசி யுத்தம் 1799-ஆம் வருஷம் பிப்ரவரியில் தொடங்கிற்று. ஜெனரல் ஹாரிஸ் வேலூரிலிருந்து படை நடத்திச் சென்றார். மே மாதம் 4-ஆம் தேதி நடுப்பகலுக்குப் பின், கோட்டை மதிலில் திறந்த வழியாகக் கும்பெனிப் படை ஏறிற்று. அதை நடத்தியவர் பெயர்டு என்னும் தளபதி; புள்ளலூரிற் பிடிபட்டு மூன்று வருஷத்துக்கு மேல் அதே பட்டணத்திற் சிறையிருந்தவர். சுல்தான் உணவிற் பாதியில் எழுந்து மதிலுக்கு ஓடினார். ஒரு குறுக்குச் சுவரின் மறைவில் நின்று, ஊழியர்கள் வேட்டைத் துப்பாக்கிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டித்துக் கொடுக்கக்கொடுக்க, ஏறிவருவோரைத் தம் கையாலேயே பலமுறை சுட்டார் என்று, உடனிருந்து பிழைத்த அவருடைய ஊழியர் பின்னர்ச் சொன்னார். மானையும் புலியையும் நோக்கி எடுத்த துப்பாக்கிகள் அன்று அதற்குப் பயன்பட்டன. ஆட்கள் சிதறினர். காயமுற்றுக் குதிரைமேல் ஏறி உட்கோட்டை வாயிலை அடைந்தபோது கூட்டத்தின் நெரிசலில் வழியடைபட்டு, அவ்விடத்திலேயே சுடப்பட்டு இறந்தார். இரவில் விளக்கெடுத்துப் பிணக்குவியலில் தேடி அவர் உடலைக் கண்டனர். மறுநாள் மாலை, பெருமழையும் இடியுமாக இருந்த வேளையில், தந்தையின் சமாதிக்கருகே அடக்கஞ் செய்தனர். வயது நாற்பத்தெட்டு.

கோட்டையில் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட பீரங்கிகளும், எண்ணிலடங்காத துப்பாக்கிகளும் இருந்தன என்பதை நினைக்கும்போது, அவர் தோற்றது ஆயுதக் குறைவினால் அன்று என்பது விளங்கும். மராட்டியரையும் நிஜாமையும் தம் பக்கம் வைத்துக்கொள்ள அவரால் இயலவில்லை. தம் மந்திரிகளிலேயே சிலரை நம்பத்தக்கவர் என்று வைத்திருந்தார். எதிரி அருகில் வந்தபின் வெளிப்போர் செய்யாது மதிலுக்குள் காத்திருந்தார். எவ்வளவு நல்ல குழலும் இக்குறைகளுக்கு மருந்தாகாது.

அன்றிரவு பட்டணம் கொள்ளைபோயிற்று. கொள்ளைப் பொருளைக் கணக்கிட்டுப் பங்கிடுவதற்கென்று உத்தியோகஸ்தர் நியமிக்கப்பட்டனர். பொற்சிங்காதனம் துண்டுதுண்டாக வெட்டப்பட்டது. துப்பாக்கிகளும் வாள்களும் தளபதிகளுக்கும் உத்தியோகஸ்தருக்கும் பங்காகவும், ஏலத்தில் விலையாகவும் போயின. அப்போது சென்னையில் கவர்னராக இருந்த எட்வர்டு கிளைவு பிரபுவும் அவர் மனைவியாரும் சேர்த்த பொருள்கள் வேல்ஸ் நாட்டுப் பவிஸ் கோட்டையில் இப்போதும் உள்ளன. சென்னைக்கு அந்நாளில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். அலைமேல் ஏறியிறங்கும் மசூலாப் படகுகளிலேயே எல்லாச் சரக்கும் கரையிலிருந்து கப்பலுக்குப் போகவேண்டும். கயிற்றால் தைத்த அப்படகுகளை ஓட்டியவர்கள் நம் வடசென்னைக் கடற்கரையார். சென்னை வழியே சீமைக்குச் சென்ற சுல்தானுடைய பொருள்களும் அவர்கள் கைவழியாகத்தான் கப்பலேறியிருக்க வேண்டும்.

சுல்தானுடைய மக்களை வேலூர்க் கோட்டையில் வைத்தனர். 1806-ஆம் வருஷம் ஜூலை 10-ஆம் தேதி அக்கோட்டையிற் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது அம்மக்களின் கொடியை ஏற்றினர். கிளர்ச்சி ஒரே நாளில் அடக்கப்பட்டது. குடும்பத்தாரைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டனர்.

இனி, திப்புவின் துப்பாக்கி என்பதை எவ்வாறு அறிவது? முதலாவது குதிரையைப் பார்க்கவேண்டும். குதிரையின் வாயிற் கல் செறிக்கும் இடமும், பக்கத்தில் மருந்துக் கிண்ணியும் இருத்தல் வேண்டும். கேப்பு மாட்டும் முலை போன்ற முனையிருந்தால், அஃது அவர் இறந்து இருபது முப்பது வருஷங்களுக்குப் பிறகு பரவிய வகை. கல் துப்பாக்கியைப் பின்னர்க் கேப்புத் துப்பாக்கியாக மாற்றியவையும் உண்டு. அங்ஙனமாயின் கிண்ணி இருந்த இடத்தின் தழும்பு தெரியும். குழலை மடக்கித் தோட்டா இடும் துப்பாக்கியாயின் ஐயமே வேண்டா. அது சென்ற நூற்றாண்டிலோ அதற்கு முந்தியதன் பிற்பாதியிலோ வந்தது. அதைத் திப்புவினுடையது என்று விற்பவன் துணிந்த பொய்யன்.

இரண்டாவது வருஷக்குறி. திப்பு, நபிகள் நாயகம் பிறந்ததை முதலாகக்கொண்டு மௌலூதி என்னும் புதிய சகாப்தத்தை ஏற்படுத்தினார். நம் பிரபவ விபவ முதலிய அறுபது வருஷச் சுற்றைப் போலவே அதற்கும் வருஷப் பெயர்கள் உண்டு. அரபு எழுத்தை வலமிருந்து இடமாக எழுதினாலும் எண்களை இடமிருந்து வலமாக எழுதுவதே முஸ்லிம்களின் வழக்கம். திப்புவோ எண்களையும் வலமிருந்தே எழுதச் செய்தார். ஆகவே, 1222 என்னும் மௌலூதி வருஷம் மற்றையோர் கண்ணுக்கு 2221 என்று தோன்றும். அது கி.பி. 1793-94 அளவில் வரும். போலி செய்பவன் பெரும்பாலும் இங்கேதான் அகப்படுகிறான். புலிவரியை எவனும் வெட்டிவிடலாம். இத்திருப்பத்தை அறிந்து வெட்டுபவர் சிலரே. இவற்றோடு ஐதரின் முதலெழுத்து, பட்டணம் அல்லது நகரா என்னும் ஊர்ப்பெயர், கம்மியன் பெயர் இவற்றையும் பாரசீகம் அறிந்தவரைக்கொண்டு படிப்பிக்க வேண்டும். புதிதாகப் பதித்த பொன் குழலின் துரு மேல் உட்கார்ந்திருக்கும். பழையதோ துருவுக்கு அடியில் இருக்கும்.

விலையைப் பற்றியும் சொல்லுவோம். 2015-ஆம் வருஷம் ஏப்ரலில் இலண்டன் பான்ஹாம்ஸ் ஏலத்தில், அஸத் கான் முகம்மது செய்த, ஒரே குழலில் இரண்டு வெடி கெட்டிக்கும் வேட்டைத் துப்பாக்கி ஒன்று ஏழு இலட்சம் பவுனுக்கு மேல் போயிற்று. அதுவும் 1793-94-ஆம் வருஷத்தது. 2019-ஆம் வருஷம் மார்ச்சில் பெர்க்ஷயர் என்னுமிடத்தில் மற்றொன்று விற்றது. கும்பெனிப் படையின் மேஜர் தாமஸ் ஹார்ட் சீரங்கப்பட்டணத்திலிருந்து கொண்டுபோனது அது. அவர் வழியாக வந்த வீடொன்றின் பரணில் நெடுங்காலம் கிடந்தது. அதுவும் வெள்ளிப் பூணிட்டது, அதே வருஷத்தது, பாய்னெட்டும் உடையது. விலையோ அறுபதினாயிரம் பவுன். ஒரே அரண்மனை, ஒரே வருஷம், பத்து மடங்குக்கு மேல் வேறுபாடு ஏன்? முன்னது அமைப்பில் அரியது, பழுதற்றது, பின்னது அடிபட்டது. ஆயினும் அடிபட்ட அத்தழும்பே போர்க்களத்திலிருந்து வந்ததற்குச் சான்று என்று விரும்பி வாங்குவோரும் உண்டு. அதை மெருகிட்டுப் பளபளப்பாக்கியிருந்தால் அந்த அறுபதினாயிரமும் போயிருக்கும். நம் வீடுகளில் புளியும் மணலும் இட்டுத் தேய்க்கும் கைகள் இதைக் கருத்தில் வைக்கவேண்டும். அவ்வேலத்தை நிறுத்திப் பொருள்களை இந்தியாவுக்குத் தரவேண்டும் என்று இங்கிருந்து கேட்டும் பயனில்லை. சுல்தானுடைய வாள் ஒன்று 2023-ஆம் வருஷத்தில் ஒரு கோடியே நாற்பது இலட்சம் பவுன் பெற்றது.

பெர்க்ஷயர்த் துப்பாக்கி இருபதாம் துளை என்று குறிக்கப்பட்டது. இக்கணக்கு இன்றைய ரவைத் துப்பாக்கிக்கும் உரியதே. ஒரு ராத்தல் ஈயத்தைக் குழலுக்குச் சரியான இருபது உருண்டைகளாக வார்க்கக்கூடுமாயின் அது இருபதாம் துளை. பன்னிரண்டாயின் பன்னிரண்டாம் துளை. ஆதலால் எண் சிறிதானால் குழல் பெரிது. இருபதுக்குக் குழல்வாய் 15.6 மில்லிமீட்டர், பன்னிரண்டுக்கு 18.5 மில்லிமீட்டர்.

நம்மவர் வீடுகளில் உள்ளவை பெரும்பாலும் திப்புவினுடையவை அல்ல என்பதை வருத்தத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது. குதிரைப் பலகையில் நான்காகப் பிரித்த இருதய வடிவமும் அதனுள் கும்பெனியின் எழுத்துக்களும் இருந்தால், அது கும்பெனித் துப்பாக்கி. 1808-ஆம் வருஷம் முதற்கொண்டு இருதயத்துக்குப் பதிலாக எழுந்து நிற்கும் சிங்கம் வந்தது. இவையும் அரியவையே. குழலின் அடியில் கிரீடமும் எழுத்துமாகச் சிறு முத்திரைகள் இருந்தால், இலண்டனிலோ பர்மிங்காமிலோ சோதித்த சீமைத் துப்பாக்கி. பர்மிங்காம் சோதனைச் சாலை 1813-ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்டது. முட்டை வடிவத்துக்குள் ஈ, எல், ஜி என்னும் எழுத்துக்கள் இருந்தால் பெல்ஜியத்து லியேஜ் நகரத்தது. விலை குறைந்த இரட்டைக்குழல் துப்பாக்கிகள் அங்கிருந்து ஏராளமாக இந்தியாவுக்கு வந்தன. சீமையிற் பெயர்பெற்ற கம்மியரின் பெயரை ஓரெழுத்து மாற்றி வெட்டியவையும் அவற்றில் உண்டு. ஆதலால் பெயரை நம்பாமல் முத்திரையை நம்புக. பிள்ளைகள் குருவி சுட்ட காற்றுத் துப்பாக்கியாயின், பர்மிங்காம் பி.எஸ்.ஏ. என்பதும், வில்லை எறிந்துவிட்டுத் துப்பாக்கியை உயர்த்தும் வேட்டைத் தேவதையின் உருவமுடைய ஜெர்மன் டயானா என்பதும் பழையவற்றுள் மதிப்புடையன. தொடர் எண்ணைக்கொண்டு செய்த வருஷத்தை அறியலாம். சுருள்வில் மாற்றாமலும் கட்டை பிளவாமலும் இருப்பது நல்ல விலை பெறும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுவோம். பழந்துப்பாக்கி எதையும் சுட்டுப் பார்க்கலாகாது. இரும்புப் பட்டைகளைச் சுருட்டிக் காய்ச்சி அடித்த குழல் அலையலையாக மிக அழகாக இருக்கும். ஆனால் அது கருமருந்துக்காகச் செய்தது. இக்காலத் தோட்டாவின் மருந்து தரும் அழுத்தத்தை அது தாங்காது. வெடித்தால் இடக்கை விரல்கள் போகும். அன்றியும், பாட்டனார் கெட்டித்த வெடி இன்னும் உள்ளே இருத்தல் கூடும். ஒரு குச்சியைக் குழலின் வாய்வழியே மெல்ல விட்டு அடையாளமிட்டு, பின் வெளிப்புறத்தில் வைத்து அளந்தால், அடிவரை போகிறதா என்று தெரிந்துவிடும். போகாவிடில் கைவைக்காமல் அறிந்தவரை அழைக்க. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்படி, உரிமம் வேண்டுமா வேண்டாவா என்பதை உரிய அதிகாரியிடம் முதலிலேயே கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுதல் நலம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருளைத் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது என்பது 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருட் சட்டம். சீமை ஏலத்தில் இலட்சம் பவுன் வாங்கித் தருவேன் என்று வரும் தரகனிடம் இச்சட்டத்தின் பெயரைச் சொன்னாலே அவன் வந்த வழியே போய்விடுவான்.

மெய்யான பழந்துப்பாக்கிகளைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ள விரும்புவோர் எழும்பூர் அரசாங்கக் காட்சிசாலையின் ஆயுதப் பகுதிக்குப் போகலாம். தஞ்சாவூர் அரண்மனையிலிருந்தும் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்தும் வந்தவை அங்கே இருக்கின்றன. மாத்தூர் அன்பர்கள் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்று வரலாம். வெள்ளிக்கிழமைகளில் அது திறப்பதில்லை.